வழக்குரைக்க வந்த மாமன்

“பொய் சொன்னா என்ன ஆகும் பாப்பா?”

“சாமி கண்ணைக் குத்தும்.”

சாட்சி சொல்ல வந்த ஆறு வயதுப் பிள்ளையிடம் நீதிபதி இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார். உன் பேர் என்ன, எந்த ஸ்கூல், டீச்சர் பேர் என்ன, பொய் சொல்றது சரியா தப்பா. கடைசிக் கேள்விக்கு நம் ஊர்ப் பிள்ளைகளிடம் வீட்டிலேயே பாடமான பதில் ஒன்று இருக்கிறது. கேட்பவர்கள் சிலர் சிரிக்கலாம். ஆனால் சட்டம் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய அந்தப் பதிலைத்தான். 1969-ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டப்படி, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சத்தியத்தின் தன்மை விளங்காவிட்டாலும், உண்மை பேச வேண்டும் என்ற கடமை விளங்கினால் போதும். சத்தியம் செய்யாமலே சாட்சி சொல்லலாம்.

“சின்னப் புள்ள பேச்சை வச்சு கேஸ் நிக்குமா?” என்று டீக்கடையிலும் கேட்கிறார்கள், காவல் நிலைய வாசலிலும் கேட்கிறார்கள். சிறுபிள்ளை இட்ட வெள்ளாமை வீடு வந்து சேராது என்று பழமொழி வைத்திருக்கும் ஊர் நம்முடையது. சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 118-ஆம் பிரிவில் சாட்சிக்கு வயது வரம்பே வைக்கவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு, அறிவுக்குப் பொருந்தப் பதில் சொல்லத் தெரிந்தால் யாரும் சாட்சிதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமும் 124-ஆம் பிரிவில் இதையே சொல்கிறது. ராஜஸ்தானிலிருந்து வந்த ராமேஷ்வர் வழக்கில், சத்தியம் செய்விக்காமல் விட்டதால் எட்டு வயதுச் சிறுமியின் சாட்சியம் செல்லாமல் போய்விடாது என்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு, குடியரசு பிறந்து இரண்டே ஆண்டுகளில் சட்ட அறிக்கைகளில் ஏறிவிட்டது.

2025 பிப்ரவரி 24 அன்று மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்திச் சொன்னது. 2003-ல் தன் தாயைத் தந்தை கொன்றதைப் பார்த்ததாக ஏழு வயது மகள் சாட்சி சொன்ன வழக்கு அது. விசாரணை நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தது. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்ற வெறும் சந்தேகத்தை வைத்துப் பிள்ளையின் சொல்லைத் தள்ளக் கூடாது, சந்தேகத்துக்கு அடிப்படை காட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. நல்ல தீர்ப்புதான். ஆனால் ஏழு வயதில் கண்டதற்கு ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டு கழித்து முடிவு வந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சட்டம் பிள்ளையின் சொல்லை நம்பத் தயாராக இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லி முடிக்கும் வரை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் இல்லை. இந்தக் கட்டுரைக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

மதுரையை ஒட்டிய பொதும்பு கிராமத்தை இந்தப் பக்கத்தில் பலருக்கும் நினைவிருக்கும். அங்கே அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரே மாணவ மாணவியரிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார் என்ற புகார் 2011-ல் வெளியே வந்தது. 2018-ல் மதுரையில் உள்ள தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 55 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அந்த எண்ணைத்தான் எல்லாரும் பேசினோம். எனக்கு இடையில் போன ஏழு ஆண்டுதான் பெரிதாகத் தெரிகிறது. புகார் எழுந்தபோது ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை, தீர்ப்பு நாளில் பள்ளியே முடித்து வெளியேறியிருக்கும். பத்தாம் வகுப்பில் இருந்த பெண்ணுக்கு அப்போது இருபத்திரண்டு வயது ஆகியிருக்கும். நம் கிராமங்களில் அது கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருக்கும் வயது. புகுந்த வீட்டுக்குச் சம்மன் வந்தால் மாமியாரிடம் என்ன சொல்வது? வழக்கு பதிவானபோது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் பிறக்கவே இல்லை. அது 2012 நவம்பர் 14-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைக்கென்று இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லாத காலத்தில் புகார் சொல்லி, அதிலிருந்து பின்வாங்காமல் நின்ற அந்தப் பிள்ளைகளின் துணிவை யாரும் எண்ணிச் சொல்லவில்லை.

காலம் என்று வந்தால் வாச்சாத்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1992 ஜூனில் தருமபுரி மாவட்டத்து அந்த மலைக் கிராமத்தில் சீருடைக்காரர்களின் வன்கொடுமைக்கு ஆளானவர்களில் சிறுமிகளும் இருந்தார்கள். தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29-ல் வந்தது. சிறுமியாகக் கொடுமைக்கு ஆளானவர்களும் நடுவயதை நெருங்கிய பிறகுதான் தீர்ப்பைக் கேட்டார்கள்.

போக்சோ இந்த நிலையை மாற்ற எழுதப்பட்ட சட்டம். அதன் 24-ஆம் பிரிவு முதல் 40-ஆம் பிரிவு வரை நிதானமாகப் படித்தால், எழுதியவர்கள் பிள்ளைகளை அறிந்தவர்கள் என்று தெரியும். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். வாங்கும் பெண் அதிகாரி சீருடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரைப் பிள்ளை நேரே பார்க்க நேரக் கூடாது. அதற்குத் திரை, ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி, காணொலி என்று வழியும் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞர்கள் கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் பிள்ளையிடம் கேட்க வேண்டும். அடிக்கடி இடைவேளை விட வேண்டும். திரும்பத் திரும்பக் கூப்பிடக் கூடாது. நீதிமன்றம் வழக்கை ஏற்ற முப்பது நாளுக்குள் பிள்ளையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், முடிந்தவரை ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க வேண்டும்.

நடப்பது வேறு. போக்சோ வழக்குகள் முடிய நாடு முழுக்கச் சராசரியாக ஐந்நூறு நாளுக்கு மேல் ஆகிறது என்று விதி சட்டக் கொள்கை மையம் 2022-ல் கணக்கெடுத்துச் சொன்னது. பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளியின் குழந்தைகள் சட்ட மையம் டெல்லி, அசாம், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய இடங்களின் சிறப்பு நீதிமன்றங்களை ஆராய்ந்தது. வழக்கறிஞர்கள் பல இடங்களில் பிள்ளையிடம் நேரடியாகவே கேள்வி கேட்பதையும், பிள்ளைகள் பெருமளவில் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ் சாட்சியாவதையும் அந்த ஆய்வுகள் எழுதி வைத்தன.

ஒரு பிள்ளை எத்தனை முறை அதே கதையைச் சொல்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முதலில் அம்மாவிடமோ அம்மாச்சியிடமோ. பிறகு டீச்சரிடம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் போயிருந்தால் அங்கிருந்து வந்தவரிடம். அனைத்து மகளிர் காவல் நிலைய அதிகாரியிடம். மருத்துவமனையில் டாக்டரிடம். குழந்தைகள் நலக் குழுவின் முன். வாக்குமூலம் பதியும் மாஜிஸ்திரேட் முன். சாட்சி நாளுக்கு முன்பு அரசு வழக்கறிஞரிடம். கடைசியாக நீதிபதி முன் முதல் விசாரணை, குறுக்கு விசாரணை. ஒன்பது பத்து முறை ஆகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு சொல் கூடும், ஒரு சொல் குறையும். பெரியவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் பிள்ளையின் வாயில் கூடிய அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, போலீசில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள்.

இன்னொன்று தேதி. “அன்னைக்கு என்ன கிழமை? மணி எத்தனை?” என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. “ஸ்கூல் விட்டு வந்தப்பவா, ராத்திரி சாப்பிட்டப்பறமா? திருவிழாவுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றால் தெரியும். சித்திரைத் திருவிழாவை வைத்துக் காலம் எண்ணும் மதுரைப் பிள்ளைக்கு அழகர் ஆற்றில் இறங்கிய நாள் மறக்காது, ஏப்ரல் எத்தனாம் தேதி என்பது நினைவில் நிற்காது. கேள்வியை மாற்றிக் கேட்டால் உண்மை வரும். கேள்வி மாறாவிட்டால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும், ‘சாட்சி பதில் கூறவில்லை’ என்று பதிவாகும்.

பதிவாகும் மொழியையும் சொல்ல வேண்டும். நம் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில்தான் எழுதப்படுகிறது. அது பெரிய நன்மை. ஆனால் அது கோர்ட் தமிழ். பிள்ளை ‘கடைக்கார மாமா’ என்று சொல்வது ‘எதிரி’ என்று ஆகிவிடும். ‘அங்கிட்டுப் போயி’ என்பது ‘சம்பவ இடத்திற்குச் சென்று’ ஆகும். உடம்பின் பாகங்களுக்கு ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை மொழியில் ஒவ்வொரு பெயர் இருக்கிறது. அதை அப்படியே எழுதி, பக்கத்தில் பொருள் குறித்தால் மேல் நீதிமன்றம் பிள்ளையின் குரலைக் கேட்கும். பெரியவர் தமிழில் மாற்றி எழுதிவிட்டு, இது பிள்ளை பேசும் பேச்சாக இல்லையே, யாரோ சொல்லிக்கொடுத்தது போல இருக்கிறதே என்று பிறகு ஐயப்படுவது நியாயமா?

காத்திருக்கும் இடம் பற்றி நான் கண்டது ஒன்று. எந்த ஊர் நீதிமன்றம் என்று சொல்லப் போவதில்லை. பள்ளிச் சீருடையில் ஒன்பது வயதிருக்கும் பெண்பிள்ளை தாழ்வாரத்து பெஞ்சில் அம்மாவின் முந்தானைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். காலையில் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். எதிர் பெஞ்சிலிருந்து நரைத்த தலைக்காரர் ஒருவர் குனிந்து, மிக அன்பான குரலில், “என்ன தாயி, சாப்பிட்டியா?” என்றார். பிள்ளை பதில் சொல்லவில்லை. அம்மாவின் கை மட்டும் இறுகியது. அவர் குற்றம் சாட்டப்பட்டவரின் தகப்பனார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் மிரட்டியதாக எந்தப் புகாரிலும் எழுத முடியாது. ஆனால் அந்த ஒரு கேள்வியிலேயே ஊர், சொந்தம், நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டிய தெரு எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன. மதியம் வரை காத்திருந்தார்கள். பிறகு வாய்தா.

பிறழ் சாட்சி என்ற சொல்லை நாம் குற்றம் போலச் சொல்கிறோம். பிள்ளைகள் பிறழ்வது பெரும்பாலும் இந்தத் தாழ்வாரத்தில், அல்லது அதற்கு முன்பே மந்தையில் நடந்த பேச்சில். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்படுபவர் பிள்ளைக்குத் தெரிந்தவரே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு ஆண்டுதோறும் காட்டுகிறது. அவர் சித்தப்பாவாக இருப்பார், வீட்டுக்காரராக இருப்பார், அப்பா வேலை செய்யும் தோட்டத்து முதலாளியாக இருப்பார். பெரியவர்கள் பேசி முடித்துவிடுகிறார்கள். பணம் கைமாறலாம், இரண்டு சாதிக்கு நடுவிலான பகை என்று பயம் காட்டப்படலாம். பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. நேற்று வரை உண்மையைச் சொல் என்ற அதே அம்மா, இன்று ‘ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிரு’ என்கிறாள். சாமி யாருடைய கண்ணைக் குத்தும் என்று பிள்ளை குழம்பி நிற்கிறது.

இதில் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய வழக்குகளும் உண்டு. பதினாறு, பதினேழு வயதில் காதலித்து ஓடிப்போனவர்கள் மீது பெண் வீட்டார் கொடுக்கும் புகார்கள். அங்கே பெண் தன்னைப் பாதிக்கப்பட்டவளாகவே நினைப்பதில்லை. 2019-ல் நீதிபதி வி. பார்த்திபனும் 2021-ல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷும் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதைக் கவலையோடு எழுதினார்கள். அந்தப் பெண்களின் பிறழ்ச்சியையும் தாழ்வாரத்துப் பிள்ளையின் பிறழ்ச்சியையும் ஒரே கணக்கில் சேர்த்தால் எதுவும் விளங்காது.

மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு கதைக்கு வருகிறேன். திருவிளையாடல் புராணத்தில் மாமனாக வந்து வழக்குரைத்த படலம். பிள்ளையில்லாத வணிகர் தனபதி, தங்கை மகனைத் தம் பிள்ளையாக வளர்த்து, சொத்தை அவனுக்கு வைத்துவிட்டு மனைவியோடு தவத்துக்குப் போய்விடுகிறார். தாயத்தார் சொத்தைப் பறித்துக்கொள்கிறார்கள். தாயும் பாலகனும் சொக்கநாதர் சந்நிதியில் அழுகிறார்கள். கடவுள் தனபதியின் உருவில் நேரே சபைக்கு வருகிறார். வந்தவுடன் வாதாடவில்லை. முதலில் பிள்ளையைக் கட்டிக்கொள்கிறார். அதன் கழுத்தும் கையும் நகையில்லாமல் கிடப்பதைப் பார்த்துக் கலங்குகிறார். பிறகுதான் வழக்கு. நீ தனபதியே இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்ல, குலத்தையும் பேரையும் ஊரையும் சொல்லி நிரூபிக்கிறார். நீதிபதியாக வந்து தீர்ப்பெழுத முடியாதவரா அவர்? பிள்ளைக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஒரு தாய்மாமன் என்று இந்தக் கதையைக் கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது.

2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள் அந்த மாமனுக்கு ‘ஆதரவு நபர்’ என்று பெயர் வைத்திருக்கின்றன. விசாரணை, வழக்கு இரண்டிலும் பிள்ளைக்குத் துணையாக இருக்க, பிள்ளை மற்றும் பெற்றோரின் சம்மதத்தோடு குழந்தைகள் நலக் குழு அவரை அமர்த்தலாம். பிறகு வந்த மாதிரி வழிகாட்டுதல்படி, அவர் சமூகப்பணி, உளவியல் போன்ற துறைகளில் முதுகலை படித்தவராகவோ, பட்டம் பெற்றுக் குழந்தைகள் துறையில் மூன்றாண்டு அனுபவம் உள்ளவராகவோ இருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே அவரை மாற்றக் கேட்கலாம். பஸ் செலவு, சாப்பாடு, துணி போன்ற உடனடித் தேவைக்கு நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும் என்றும் 2020 விதிகளில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 18-ல், பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், அரவிந்த் குமார் அமர்வு, ஆதரவு நபரை அமர்த்துவது விருப்பத்துக்கு விட்ட காரியம் இல்லை என்று தெளிவாக்கி, தகுதிக்கேற்ற ஊதியம் தர வேண்டும் என்றும் சொன்னது.

நல்ல ஆதரவு நபர் செய்வது சின்னச் சின்ன வேலைகள். சாட்சி நாளுக்கு முன் ஒருநாள் பிள்ளையைக் கூட்டிப்போய் காலியான கோர்ட்டைக் காட்டுவார். நீதிபதி இங்கே உட்காருவார், நீ இங்கே, தண்ணி வேணும்னா கேக்கலாம், தெரியலைன்னா ‘தெரியலை’ன்னு சொல்லலாம், திட்ட மாட்டாங்க. அடுத்த வாய்தா எப்போது என்று வீட்டுக்கு போன் செய்து சொல்வார். பரீட்சை நாளில் சம்மன் வந்தால் அரசு வழக்கறிஞரிடம் பேசித் தேதியை மாற்றப் பார்ப்பார். ‘தெரியலை’ என்று சொல்ல அனுமதி உண்டு என்பதைப் பிள்ளைக்கு யாராவது சொல்லியே ஆக வேண்டும். பள்ளிக்கூடத்தில் அது அடி வாங்கித் தரும் பதில்.

அவர் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. வழக்கின் விஷயத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிமை இருக்கிறது, அவர் நிரபராதியாகவும் இருக்கலாம். 1980-களில் கலிபோர்னியாவில் மக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில் பிள்ளைகளைக் கேள்வியாலேயே இழுத்துச் சென்றார்கள். நடக்காததையும் நடந்ததாகச் சொல்ல வைத்த விசாரணை அது என்று பிறகு கடுமையாகப் பேசப்பட்டது. பல ஆண்டு நடந்த வழக்கு 1990-ல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்பதை உலகம் தனிக் கலையாக வளர்த்தது அதற்குப் பிறகுதான். ஐஸ்லாந்து 1998-ல் ‘குழந்தைகள் இல்லம்’ என்று ஒரே கூரையின்கீழ் போலீஸ், டாக்டர், நீதிபதி எல்லாரையும் பிள்ளையிடம் வர வைத்தது. இங்கிலாந்தின் 1999-ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைக்கும் வழக்கறிஞருக்கும் நடுவில் பேச்சைப் புரியவைக்கும் இடையாளரை ஏற்றுக்கொண்டதோடு, குறுக்கு விசாரணையை முன்கூட்டியே பதிவு செய்யவும் வழி வைத்தது. இந்தக் கடைசி ஏற்பாடு இங்கேயும் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நினைவு புதிதாக இருக்கும்போதே பிள்ளை சொல்லி முடித்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பலாம். வழக்கு தன் வேகத்தில் நடக்கட்டும்.

நம் நீதிமன்றங்களும் சும்மா இருக்கவில்லை. டெல்லியில் 2012-லேயே எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கான தனி மையம் வந்தது. 2017, 2018, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களிலும் அத்தகைய மையங்கள் அமைக்க அடுத்தடுத்து உத்தரவிட்டது. மேற்பார்வைக்கு நீதிபதி கீதா மிட்டல் தலைமையில் குழுவும் போட்டது. தனி வாசல், தனிக் காத்திருப்பு அறை, காணொலி இணைப்பு எல்லாம் தேவைதான். ஆனால் சுவரில் பட்டாம்பூச்சி வரைந்த அறையில் பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தால், அதுவும் ஒரு தாழ்வாரமே.

எனக்கு மிகவும் உறுத்துவது ஒரு விடுபடல். போக்சோ விதிகள் சொல்லும் ஆதரவு நபர் போக்சோ வழக்குக்கு மட்டும் உரியவர். குடித்துவிட்டு வந்த அப்பா அம்மாவை வெட்டியதைப் பார்த்த பையனுக்கு, ஆணவக் கொலையில் அக்காவை இழந்த தம்பிக்கு, அந்த விதி பொருந்தாது. அவனும் அதே கூண்டில் ஏறுகிறான். அவனுக்கு அப்பா சிறையில், அம்மா மண்ணில். அம்மாச்சி வீட்டில் வளர்ந்தால், அம்மாச்சி சொல்லிக்கொடுத்தாள் என்பார்கள். அப்பத்தா வீட்டில் வளர்ந்தால், அப்பனைக் காட்டிக்கொடுக்காதே என்பார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு மனிதர் அவனுக்குத் துணையாக வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. தமிழ்நாடு அரசு தன் விதியிலேயே இதைச் சேர்க்கலாம். சாட்சி பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால், எந்தக் குற்ற வழக்கானாலும் ஆதரவு நபர் உண்டு என்று ஒரு வரி போதும்.

ஆள் கிடைக்க மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. மதுரை சமூக அறிவியல் கல்லூரியிலும் சுற்று வட்டாரக் கல்லூரிகளிலும் சமூகப்பணி படித்து ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். அவர்களில் பலர் வேலை தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் பிள்ளைகளோடு பல ஆண்டு வேலை பார்த்தவர்களும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். தகுதி இருப்பவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய்ப் பதிவேட்டில் பெயர் கொடுங்கள்.

படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில், உங்கள் பள்ளியில், உங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளை சாட்சி சொல்ல வேண்டியிருந்தால், அந்தப் பெற்றோரைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கூட்டிப் போங்கள். “எங்க புள்ளைக்கு ஆதரவு நபர் யாரு?” என்று கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். முதல் சம்மன் வருவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.